பெட்டியின் காய்ச்சல்

படம் பார்ப்பதற்கென்று வாங்கிய புதுக் கணினிப் பெட்டி எவ்வளவு சூடேறுகிறது என்று சோதிக்க, காலையிலிருந்து அதை டிவியோடு இணைத்துப் படம் ஓடவிட்டு அதன் முன்னால் சம்மணமிட்டிருந்தார் என் கணவர். காய்ச்சலில் கிடந்த மகளுக்காகத் தெர்மாமீட்டரைத் தேடினேன். அது பெட்டியின் காற்றுத்துளையில் செருகியிருந்தது.

“நாப்பத்திரண்டு டிகிரிக்கு மேல ஏறவே இல்ல. அருமையான பெட்டி,” என்றார்.

அந்தக் கண்ணாடிக் குழாயில் அதற்கு மேல் எண்ணே கிடையாது. இவர் இன்ஜினியர்.

“பாப்பாவுக்கு வேணும்,” என்றேன்.

தானே எடுத்துவந்து, ஏறிய பாதரசத்தை உதறி இறக்காமல், அப்படியே அவள் அக்குளில் வைத்தார். எடுத்துப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. நெற்றியைத் தொட்டிருந்தாலே அவ்வளவு சூடில்லை என்று தெரிந்திருக்கும். தொடவில்லை. “நாப்பத்திரண்டு” என்று முனகிக்கொண்டே ஆட்டோ பிடிக்க ஓடினார். நான் தடுக்கவில்லை.

மகள் கண்ணைத் திறந்தாள். “அப்பா எங்கம்மா ஓடறாரு?”

“பெட்டி சூடாயிருச்சாம்.”