கவர்காரர் மாற்றிய கார்டு

“எல்லாக் கோளாறுக்கும் இதுதான் காரணம்” என்று கம்ப்யூட்டருக்குள்ளிருந்து உருவிய பலகையைத் தூக்கிக் காட்டினார் கவர்காரர். “உன் தம்பி லட்சணத்தைப் பாரு. பழைய கம்ப்யூட்டர், அதுல ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு. படம் எப்படி ஓடும்?”

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று. நான்கு மணிக்கு ஒரு தம்பதி வருகிறார்கள். அவர்களுக்காக அவள் வரைந்த சமையலறையைத் திரையில் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும்.

மரச்சாமான் கம்பெனிக்கு அவள் வரைந்து கொடுக்கும் முதல் வேலை அது. நேற்று மேலாளர் பார்க்கும்போதே அலமாரிக் கதவு பாதி திறந்து அப்படியே நின்றுவிட்டது. “நாளைக்கும் இப்படி நின்னா நான் வேற ஆளைத்தாம்மா பாக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கவர்காரர் என்பது சொந்தக்காரர்கள் வைத்த பெயர். அவர் வீட்டு டிவி ரிமோட் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பாலிதீன் சரசரக்கும். செல்போன் வாங்கி மூன்று வருடமாகியும் திரைமேல் இருந்த மெல்லிய தாளை உரிக்காமல், பேரப்பிள்ளைகள் படத்தையெல்லாம் மங்கலாகவே பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

இந்தச் சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டரை நான்கு வருடத்துக்கு முன் கொடுத்தது மச்சினன். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் அவன் தொழில். “வயரெல்லாம் நானே மாட்டிக்கிறேன், எனக்குத் தெரியாதா?” என்று அன்றைக்கு அவனை வாசலோடு அனுப்பி வைத்தவர் கவர்காரர். கடிதம் அடிக்கிற வரைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

இன்று காலை விஷயத்தைக் கேட்டதும் போனில் அவன், “அதுல இருக்கிற கார்டே போதும் அத்தான், நான் வந்து பாக்கறேன்” என்றான். கவர்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “கொடுத்த பொருளைக் குறை சொன்னா உன் தம்பிக்குச் சுருக்குன்னு குத்துது” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, நேராகக் கடைக்குப் போய், குட்டைப் பெட்டிக்குள் அடங்குகிற அளவில் புதுக் கார்டு ஒன்றை வாங்கி வந்துவிட்டார்.

பழையதை என்னதான் திட்டினாலும் கீழே போட அவருக்கு மனம் வரவில்லை. அதன் பின்பக்கத் துளைகளை மூடியிருந்த நீல ரப்பர்கள்கூட வந்தது வந்தபடியே இருந்தன. “நான் எதையும் எவ்வளவு ஜாக்கிரதையா வச்சிருக்கேன் பாரு” என்று தன்னையே மெச்சிக்கொண்டு அதை மேசைமேல் வைத்தார்.

புதுக் கார்டை அழுத்திச் செருகித் திருகாணியை முடுக்கினார். வயர்களை எது எங்கே இருந்ததோ அங்கேயே மாட்டினார். “இப்ப பாரு வேடிக்கையை” என்று பொத்தானைத் தட்டினார்.

சமையலறை திரையில் வந்தது. அரைச் சுற்றுச் சுற்றியது. அலமாரிக் கதவு பாதி திறந்து, நேற்று நின்ற அதே இடத்தில் நின்றது.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “போதும்ங்க. நான் தம்பியைக் கூப்பிடறேன்” என்றாள். கவர்காரர் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

அடுத்த தெருவிலிருந்த மச்சினன் பத்தே நிமிடத்தில் வந்து நின்றான். பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தான். மேசைமேல் கிடந்த பழைய கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து, “அத்தான், ஒரு டீ கிடைக்குமா?” என்றான்.

“நான் போடறேன்டா” என்று எழுந்தாள் அக்கா.

“நீ இரு அக்கா. அத்தான் கைப்பக்குவம் உனக்கு வராது.”

இப்படிச் சொன்ன பிறகு எந்த மனிதனால் சும்மா இருக்க முடியும்? கவர்காரர் இஞ்சி தட்டிப் போட்டு, நிதானமாகக் கொதிக்கவிட்டு, மூன்று டம்ளரோடு திரும்பி வந்தபோது பெட்டி மூடியிருந்தது. திரையில் சமையலறை வழுக்கிக்கொண்டு சுற்றியது. கதவுகள் திறந்தன, மூடின; இழுப்பறைகள் சொன்னபடி கேட்டன.

“என்னடா பண்ணின?” என்று கேட்டாள் அக்கா.

“மானிட்டர் வயரை இடம் மாத்தினேன்கா. அதைக் கார்டுல சொருகணும், அதை விட்டுட்டு, மேல இருக்கிற கம்ப்யூட்டரோட சொந்தத் துளையில அத்தான் சொருகியிருந்தாரு. கார்டு உள்ள சும்மா உக்காந்திருந்துச்சு.”

நான்கு மணிக்கு மேலாளரோடு தம்பதி வந்தார்கள். வந்த பெண்மணி அடுப்பு மேடையை மூன்று தடவை சுற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, “இதையே பண்ணிடுங்க” என்றார். மேலாளர் போகும்போது இன்னொரு வீட்டுக்கு வரைகிற வேலையையும் அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார். மனைவி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்துக் கவர்காரருக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

அவர் சோபா சரசரக்கச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“வயர் விஷயத்துல தப்பு என்மேலதான், ஒத்துக்கறேன் மாப்ளே. ஆனா கார்டு? உன்னோடது எங்க, என்னோடது எங்க? படம் எப்படி வழுக்கிட்டு ஓடுது பாத்தியா. பொருளைப் பாத்து வாங்கத் தெரியணும்.”

மச்சினன் டம்ளரைக் கீழே வைத்தான். சட்டைப் பையிலிருந்து இரண்டு நீல ரப்பர் மூடிகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

“பழைய கார்டையே மாட்டி, இதை மட்டுந்தான் கழட்டினேன். உங்க புதுக் கார்டு கவரோட அதோட அட்டைப் பெட்டியிலயே இருக்கு அத்தான்.”