மீசையை விழுங்கிய முட்டைகள்

"கொள்ளையடிக்கிறான் பாருங்க! ஊருக்கே வெச்ச தட்டை ஒருத்தனே கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்!"

எலோடியின் குரல் பங்கு மண்டபத்தின் கூரையைத் தொட்டது.

க்ளோவிஸ் தலை நிமிரவில்லை. இறால் வைத்த அரை முட்டை ஒன்றை வாய்க்குள் தள்ளிவிட்டு, இடக்கையால் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், லூசியானாவின் சதுப்போரத்தில் உள்ள எங்கள் ஊர் இறைச்சியைத் துறந்து, இறால், நண்டு, சிப்பி ஆகியவற்றோடு கடுந்தவம் புரியும். அது போதாதென்று ஆளுக்கொரு தனி நோன்பும் உண்டு. ஈஸ்டர் வரை காரம் நாவில் படாது என்று, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோவில் வாசலில் சூளுரைத்தவர் க்ளோவிஸ். தவறினால், முப்பது ஆண்டுகளாக வளர்த்த மீசையை மழித்துவிடுவதாகப் படகுக்காரர் டில்மனிடம் பந்தயமும் கட்டியிருந்தார்.

எலோடி துறந்தது பொய்யை. அன்றோடு ஊரின் நிம்மதி போயிற்று. "நான் பொய் பேசக் கூடாது பாருங்க" என்ற முன்னுரையோடு, ஒருத்தியின் கூந்தல் சாயத்தையும் இன்னொருத்தியின் மீன் குழம்பையும் பாதிரியாரின் பிரசங்கத்தையும் அவர் ஏற்கெனவே நல்லடக்கம் செய்திருந்தார்.

இன்று அவர் காத்திருந்தது மருமகள் செய்த முட்டைக்காக. அந்த மருமகள் இங்க்ரிட் வடக்கே மினசோட்டாக்காரி, பனியில் பிறந்தவள். எங்கள் ஊரில் ஒரு பெண் விருந்துக்குக் கொண்டுவந்த தட்டு காலியாகத் திரும்பினால்தான் அவள் எங்களில் ஒருத்தி. மீந்து திரும்பினால், அவளுடைய பேரப்பிள்ளைகளின் திருமணம் வரை அது பேசப்படும். மணமாகி வந்த நாள்முதல் இங்க்ரிட்டின் தட்டு காலியாகத் திரும்பியதே இல்லை.

அந்தத் தட்டைத்தான், தானே தூக்கி வருவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போன க்ளோவிஸ், மேசையில் வைக்காமல் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"யோவ், அது காரம்யா! நோன்பு என்னாச்சு?" என்றார் டில்மன்.

"போச்சு."

"மீசை?"

"எடுத்துக்கோ." அடுத்த முட்டையும் உள்ளே போனது. கண்களில் நீர் வழிந்தது.

"மீசைக்கு அழுவுறான் பாருங்கப்பா!"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. எலோடி சிரிக்கவில்லை. கையை நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு குடு. என் மருமக செஞ்சது, நான் ருசி பார்க்கணும்."

"முடியாதுக்கா."

"வெக்கங்கெட்டவனே! சாமிக்கும் பயமில்ல, பொண்டாட்டிக்கும் பயமில்ல!"

"பொண்டாட்டி ஊர்ல இல்லக்கா."

கடைசி முட்டையையும் விழுங்கிவிட்டு, வெறும் தட்டை இங்க்ரிட்டிடம் நீட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுப் பின்வாசல் வழியே விரைந்தார்.

இங்க்ரிட் அந்தத் தட்டைப் பரிசுக் கோப்பைபோல் ஏந்தி நின்றாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"மீசையையே குடுத்துத் தின்னிருக்கான்னா என்ன ருசியோ! எங்களுக்கும் சொல்லிக்குடும்மா."

எலோடிக்குப் பொறுக்கவில்லை. மருமகளைத் தூண் மறைவுக்கு இழுத்துச் சென்றார்.

"அப்படி என்னத்தடி போட்ட?"

"மஞ்சக்கருவோட மயோனைஸ், கடுகு. மேல வதக்கின இறால். அப்புறம் நண்டு வேகவைக்க ஊத்துவீங்களே, அந்தக் காரச் சாறு. பாட்டில்ல எழுதியிருந்தபடியே ரெண்டு கரண்டி, அத்தை."

எலோடியின் முகம் வெளுத்தது. பாட்டிலில் எழுதியிருப்பது ஓர் அண்டா நண்டுக்கான அளவு. முட்டைக்கு இரண்டு சொட்டே அதிகம்.

"நீ வாயில வெச்சுப் பார்க்கலயா?"

"பார்த்தேன். எரிஞ்சுது. இந்த ஊர்ல எதை வாயில வெச்சாலும் எனக்கு எரியத்தானே செய்யுது?"

எலோடி சமையலறைக்குள் நுழைந்து, ஒரு புட்டிப் பாலோடு பின்பக்கம் போனார். க்ளோவிஸ் தோட்டக் குழாயின் அடியில் வாயைத் திறந்தபடி மண்டியிட்டிருந்தார். கோவிலில்கூட அவர் அத்தனை பக்தியோடு மண்டியிட்டதில்லை.

"தண்ணி பட்டா இன்னும் எரியும்டா, மடையா. இந்தா, பாலைக் குடி. எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"சமையலறையில. யாரும் பார்க்கலைன்னு ஒண்ணைத் திருடித் தின்னேன்."

"அதோட வாயைத் தொடச்சுக்கிட்டு வந்திருந்தா மீசை தப்பிச்சிருக்குமே!"

"அடுத்தது உங்க வாய்க்குப் போயிருக்கும். நீங்கதான் பொய் சொல்லமாட்டீங்களே."

எலோடி குனிந்து குழாயை மூடினார்.

"விடுங்கக்கா. மீசை முளைச்சிடும்." பாலை ஒரே மூச்சில் குடித்து முடித்தார் க்ளோவிஸ். "நாக்கு முளைக்குமான்னுதான் தெரியல."

எலோடி உள்ளே திரும்பியபோது, கைப்பையில் காகிதம் தேடிக்கொண்டிருந்தார்கள் பெண்கள்.

"அத்தை, இவங்களுக்கு அளவு வேணுமாம். சொல்லட்டுமா?"

எலோடி மருமகளின் தோளில் கை போட்டார்.

"வெளிய சொல்லக் கூடாது. இது எங்க வீட்டுக் கைப்பக்குவம். என் மாமியார் எனக்குச் சொன்னாங்க, நான் இவளுக்குச் சொன்னேன். அளவு அச்சு அசலா அப்படியே இருக்கு."

அன்றைய விருந்தில் முறிந்த இரண்டாம் நோன்பு அது.