கோட்டுப் பூ

மாலை ஐந்தரை. கல்முனையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் பூ அலங்கார வகுப்பு நடக்கிறது. இதழ் வாடிவிடும் என்று மின்விசிறியை நிறுத்தியிருக்கிறோம். மாப்பிள்ளையின் கோட்டில் குத்தும் பூவைத் தெரிவு செய்ய வந்த தாய், மேசையில் பூக் கட்டும் மாணவி றுமானாவைக் கண்டதும் தயங்குகிறார். போன வருடம் இதே மகனுக்கு றுமானாவைத்தான் பேசியிருந்தார்கள். பெண் வீட்டார் கட்டிக்கொடுக்கும் சீதன வீட்டுக்குக் கூரை போடப் பிந்தியதென்று சம்பந்தத்தை முறித்தவர் இவர். வகுப்பின் பெயர் இடாப்பு வரிசைப்படி மாணவிகளுக்கு வேலைகளைப் பிரித்துக் கொடுத்தவள் நான். மாப்பிள்ளையின் பெயரைக் கவனிக்கவில்லை. கவனித்தும் கொடுத்தேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

“வெள்ளை வேணாம் புள்ள, எடுப்பா தெரியாது. சிவப்புப் போடு.”

“ஓம் மாமி.”

றுமானா றோசாவின் முள்ளைக் கிள்ளி, காம்போடு கம்பியைச் சேர்த்து, பச்சை நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றுகிறாள். யன்னல் வெயில் அவள் விரல்களில் விழுகிறது. கீழே பஸ்காரன் அக்கரைப்பற்று, அக்கரைப்பற்று என்று கத்துகிறான். பூ நேராக நிற்கிறதா என்று பார்க்க, நாங்கள் எல்லோரும் செய்வதுபோல, அதைத் தன் அபாயாவின் நெஞ்சில் வைத்துப் பார்க்கிறாள்.

“அங்க வைக்காத. அது மாப்பிள்ளைக்கு.”

அவள் அவசரப்படாமல் பூவை எடுத்து, குத்தும் ஊசியோடு பெட்டிக்குள் வைத்து மூடிக் கொடுக்கிறாள். தாயின் குரல் தணிகிறது.

“உங்கட வீட்டுக்குக் கூரை போட்டாச்சா?”

“போன மாசம் போட்டாச்சு மாமி. ஊசி கூர், கவனம்.”

தாய், மூடியிருக்கும் பெட்டியை மறுபடியும் மூடப் பார்க்கிறார்.