வடு இல்லாத எழுத்தாளர்

தன் புது நாவலைப் பற்றிய கட்டுரையிலிருந்து ‘போரின் ஆறாத வடு’ என்ற சொற்களை எப்படியாவது எடுக்கவைத்துவிட வேண்டும். பெய்ரூட்டின் நகைச்சுவை எழுத்தாளர் ரமீஸுக்கு அது மானப் பிரச்சினை.

“உங்க ஹீரோ ஒரு நாள்கூடக் கட்டில்ல படுக்கிறதில்லையே, உஸ்தாத்?” விமரிசகி ஜுமானா விடவில்லை. “சின்ன வயசுல குண்டுச் சத்தம் கேட்டவன், அதனாலதானே?”

“அவன் பொண்டாட்டி குறட்டை விடுவாம்மா! இந்த ஊர்ல எவனாவது தும்மினாக்கூட, ‘போரோட வடு’ன்னு எழுதிடுறீங்க.” ரமீஸின் குரல் கணீரென்று எதிரொலித்தது.

“எப்பவும் வாசலைப் பார்த்தே உட்கார்றானே?”

“காபி வருதான்னு பார்க்கத்தான்.”

அவள் சிரித்துவிட்டாள். “உங்களுக்கு அந்தச் சண்டை நாள் பயம் எதுவும்...?”

“எனக்கா? அதையெல்லாம் எப்பவோ தலைமுழுகிட்டேன்.”

ஜுமானா மடியிலிருந்த கட்டுரையில் அந்தச் சொற்களை அடித்தாள். ரமீஸுக்கு உச்சி குளிர்ந்தது.

அப்போது கதவு படபடவென்று தட்டப்பட்டது. மனைவி ஹியாம்தான்.

“கீழ் வீட்டுக் கல்யாண வெடி ஓஞ்சு எவ்வளவு நேரமாச்சு! குண்டு விழுதுன்னு ஒளிஞ்சது போதும். காபி கூடத்துல ஆறுது. ரெண்டு பேரும் குளியலறையை விட்டு வெளிய வாங்க!”

தொட்டிக்குள் குந்தியிருந்த ரமீஸும், குழாயடியில் சுருண்டிருந்த ஜுமானாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஓடிவந்தது யார் என்று இருவருக்குமே நினைவில்லை.

ஜுமானா மெல்ல மறுபடியும் பேனாவைத் திறந்தாள்.

“‘வடுக்கள்’னு பன்மையில போட்டுடறேன், உஸ்தாத்.”