கீழே பார்த்த கண்

"ஐயோ, கடல் காக்குற மாட்சு தாயே! கப்பல் கண்ணு கீழ பாக்குதே!"

சிவப்புத் துணியை விலக்கிய கையோடு தியாம் ஹோக் போட்ட சத்தத்தில், பட்டாசு கொளுத்த வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அந்தச் சீனக் கரையில் கண் இல்லாத கப்பல் கிடையாது. கப்பல் மூக்கின் இரு புறமும் உருண்டையாய் மரக்கண் அறைந்து துணியால் மூடிவிடுவார்கள். கடலில் இறக்கும் நாளில்தான் திறக்க வேண்டும். கருவிழி நேரே பார்த்தால் சரக்குக் கப்பல். தூர தேசம் போகும். கீழே பார்த்தால் மீன்பிடிக் கப்பல். பகலெல்லாம் மீன் தேடிவிட்டு அந்தியில் வீடு திரும்பும்.

தியாம் ஹோக்குக்குக் கல்யாணமாகி நாற்பது நாள்தான். வாடைக்காற்றில் மணிலாவுக்குச் சரக்கேற்றிப் போனால் திரும்ப எட்டு மாதம். அண்ணன் சூன் போட்ட உத்தரவு அது. அவர் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சே கிடையாது. புது மனைவி கிம் ஹியோ ஒரு வாரமாக அழுது முகம் வீங்கிப்போயிருந்தாள்.

"யோவ் ஓங்! என்னய்யா வேலை இது?" தச்சரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான் தியாம் ஹோக். "மணிலா போற கப்பலுக்கு மீன்பிடிக் கண்ணா?"

"கை தவறிடுச்சு தம்பி..." தலையைச் சொறிந்தார் ஓங்.

"அந்தக் கைய ஒடிச்சிருவேன்! பிடுங்கிட்டு வேற அடி!"

"டேய், வாயக் கழுவுடா!" பதறிப்போனார் அண்ணன். "அறைஞ்ச கண்ணப் பிடுங்கினா கப்பல் குருடாயிடும். அதுல ஏறுனவன் கரை சேரமாட்டான். விடுடா அவர!"

"அப்ப மணிலா?"

"மணிலாவாவது மண்ணாங்கட்டியாவது! இந்தக் கண்ண வெச்சிக்கிட்டு எங்க போவ? பேசாம மீனப் பிடி. பொழுது சாஞ்சா வீட்டுக்கு வா."

"எல்லாம் என் தலையெழுத்து!" என்று மணலை எட்டி உதைத்தான் தியாம் ஹோக்.

கிம் ஹியோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சட்டைக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு! பட்டாசு படபடவென்று வெடித்தது. கப்பல் வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்க, எல்லோரும் கூச்சலிட்டபடி பின்னால் ஓடினார்கள்.

ஓங் மட்டும் கசங்கிய சட்டையை நீவிக்கொண்டே தியாம் ஹோக்கின் காதருகே வந்தார்.

"கண்ணக் கீழ பாக்குற மாதிரி அடிச்சுக் குடுங்கன்னு கால்ல விழுந்து கெஞ்சினியே தம்பி... சட்டையக் கிழிப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே!"