பதக்கம் குத்தும் பக்கம்

எஸ்தர் டீச்சரின் கணவர் போர் விமானத்தில் எல்லையைத் தாண்டிப் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை; பதக்கம் மட்டும் வந்தது. எங்கள் குடியிருப்பின் கொடியேற்றத்துக்கு டீச்சர் அதை ஒரு வருஷமும் குத்திக்கொண்டு வந்ததில்லை. பக்கத்து வீட்டுக்குப் பாயசம் கொண்டுபோகிறவர் மாதிரி, பெட்டியோடு ஏந்தி வருவார்.

"பட்டுச்சேலை ஓட்டையாயிடும்னு பயம்," என்பாள் மூன்றாவது மாடி ரமணி.

எனக்குத்தான் பொறுக்காதே, நேராகவே கேட்டுவிட்டேன்.

"பதக்கம் வாங்கினவர் இடப்பக்கம் குத்திக்குவார். அவர் செத்துட்டா, வீட்டுக்காரங்க வலப்பக்கம் குத்திக்கணும். அதான் பட்டாளத்து முறை. அவர் செத்ததை யாரும் பாக்கலையே, நான் எந்தப் பக்கம்டி குத்துவேன்?" என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலத்துக்குள் எல்லா மாடிக்கும் விஷயம் தெரியும். நான் இருக்கும்போது தெரியாமல் போகுமா?

இந்த வருஷம் கொடியேற்ற ஒரு ரிட்டயர்டு கர்னலைக் கூப்பிட்டிருந்தோம்.

"என்னம்மா இது, ஒரு வீரரோட மனைவி இதைக் கையில வெச்சுட்டு நிக்கலாமா?" என்று உரிமையோடு பெட்டியைத் திறந்தார். பதக்கத்தை எடுத்து, முறை தவறாமல் டீச்சரின் வலப்பக்கம் குத்தினார். ஓரடி பின்னால் போய் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

எல்லாம் தெரிந்த நாங்கள்தான் கைதட்டினோம். ரமணி விசில்கூட அடித்தாள்.

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. "எப்ப சார் தகவல் வந்துச்சு?" என்று கேட்டார்.

கர்னலின் கை நெற்றியிலிருந்து இறங்கவில்லை.