ஒரு மடக்குத் தண்ணீர்

பெரியவர் ஏப்பம் விட்டார். நேற்று ராத்திரி போட்ட மீனெண்ணெய் மாத்திரையின் வாடை, மேசையைத் தாண்டி வந்து சின்னவரின் ரொட்டியில் உட்கார்ந்தது.

சின்னவர் மெல்லுவதை நிறுத்தினார். முதல் வாய்தான். அதற்குள் குமட்டிக்கொண்டு வந்தது.

சின்னவருக்கு ஐம்பத்தெட்டு வயது. தலைமுடி விடைபெற்றுக்கொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் அவர்களுடைய பெயிண்ட் கடையில் டப்பா இறக்குகிறவர் முதல் வங்கி மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் இன்னும் சின்னவர்தான். அப்பா கல்லாவில் உட்கார்ந்திருக்கும்வரை மகனுக்கு வேறு பெயர் கிடைக்க வழியில்லை.

பெரியவரோ இப்போதைக்கு எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. நூறைத் தாண்டுவது என்று முடிவே கட்டியிருந்தார்.

அதற்காக அவர் அடிக்கும் கூத்தையெல்லாம் வீடு தினமும் சகித்துக்கொண்டிருந்தது. விடிந்தும் விடியாமலும் குளியலறையில் நாக்கு வழிக்கிற சத்தம் எழும். குடலையே வெளியே இழுத்துப் போடுகிறாரோ என்று தோன்றும். அப்புறம் ஐஸ்கட்டி மிதக்கும் வாளியில் காலை விட்டுக்கொண்டு முனகுவார். அப்புறம் பச்சைப்பசேலென்று ஒரு பொடிக் கரைசல், குளத்துப் பாசியை அள்ளி வந்த மாதிரி. அதில் பாதி மீசையில் தொங்கும். துடைக்க மாட்டார். சத்து வீணாகிவிடுமாம். நாக்கை நீட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நக்கிக்கொள்வார்.

அன்றைக்கு வயிறு எப்படிப் போயிற்று என்ற அறிக்கையையும் சாப்பாட்டு மேசையில்தான் வாசிப்பார். நிறம், பதம், மிதந்ததா மூழ்கியதா, ஒன்றையும் விடமாட்டார். மருமகள் அந்த நேரம் பார்த்துத் துணி துவைக்கப் போய்விடுவாள். சின்னவருக்குப் போக இடமில்லை. அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை மகன் எழுந்திருக்கக் கூடாது என்பது சட்டம்.

கடையிலும் அவர் வைத்ததுதான் சட்டம். வண்ணம் கலக்கும் இயந்திரம் ஒன்று வாங்கலாம் என்று கேட்டுக் கேட்டுச் சின்னவருக்கு வாய் வலித்துப்போயிற்று. மற்ற கடைகளிலெல்லாம் அது வந்தாயிற்று. வாடிக்கையாளர்கள் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடின பிறகு உன் இஷ்டம் என்றார் பெரியவர். சொன்ன கையோடு இன்னொரு மாத்திரை டப்பாவும் வாங்கி வந்தார்.

போன மாதம் இருவரையும் சோதித்த டாக்டர், அப்பாவின் இதயத்தை வாய் நிறையப் புகழ்ந்தார். மகனின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

பெரியவர் டப்பாக்களைத் திறந்தார். எலும்புக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று, மறதி வராமல் இருக்க, தோல் சுருங்காமல் இருக்க. எல்லாம் உள்ளங்கையில் குவிந்தன. உச்சியில் வழவழவென்று, கட்டைவிரல் நுனி பருமனுக்கு மீனெண்ணெய் மாத்திரை.

விழுங்குவதிலும் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் ஜீரண சக்தி போய்விடும். ஆகவே அத்தனையையும் மொத்தமாக வாயில் கொட்டி ஒரே ஒரு மடக்குத் தண்ணீர். மேற்கொண்டு ஆசை வராமல் இருக்க ஜக்கை மகன் பக்கம் தள்ளிவிடுவார்.

அண்ணாந்தார். கொட்டினார். ஒரு மடக்கு. ஜக்கைத் தள்ளினார்.

தொண்டை மேலே ஏறியது. இறங்கவில்லை.

கண்கள் பிதுங்கின. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஒரு கை மேசையைத் தட்டியது. மறுகை ஜக்கை நோக்கி நீண்டது. எட்டவில்லை.

ஜக் சின்னவரின் முழங்கையை ஒட்டி இருந்தது.

எடுக்கப்போகிறேன், இதோ எடுக்கத்தான் போகிறேன் என்று சின்னவர் நினைத்துக்கொண்டார். கை மட்டும் ரொட்டியைப் பிடித்தபடியே இருந்தது.

அப்பாவின் முகம் சிவந்து, பிறகு கறுத்தது. கடைவாயில் பச்சை நுரை வழிந்தது. இயந்திரத்தை எங்கே வைக்கலாம் என்று சின்னவரின் மனசு அது பாட்டுக்கு யோசித்தது. கல்லாவுக்கு இடது பக்கம் வைக்கலாம். அங்கேதான் மின்சார இணைப்பு இருக்கிறது.

தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. அப்போதும் கை அசையவில்லை.

பெரியவர் எழுந்து, மேசை விளிம்பில் தன் வயிற்றை ஓங்கி மோதினார். மறுபடியும் மோதினார். கர்ரென்று ஒரு சத்தம். மாத்திரைகளெல்லாம் கோழையோடு தட்டில் வந்து விழுந்தன.

இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. அடங்கியதும் தள்ளாடி வந்து ஜக்கை எடுத்து, கொள்கையையெல்லாம் மறந்து, மடமடவென்று குடித்தார்.

கவனிக்கவில்லை என்று சின்னவரால் சொல்ல முடியாது. நேருக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

பெரியவர் திட்டவில்லை. முறைக்கக்கூட இல்லை. தட்டில் கிடந்ததை விரலால் கிளறி, மீனெண்ணெய் மாத்திரையைப் பொறுக்கி எடுத்தார். துண்டில் துடைத்தார். துடைத்தும் கோழை சரியாகப் போகவில்லை. அதைத் தன் வாயில் போட்டுக்கொள்ளாமல் மகனின் ரொட்டி மேல் வைத்தார்.

"இந்தா, இன்னையிலேர்ந்து நீயும் உடம்பைப் பாத்துக்கோடா. உன் பையன் நேத்து கடைக்கு வந்து, உன் நாற்காலியை எடுத்துட்டா எவ்வளவு இடம் கிடைக்கும்னு டேப் வச்சு அளந்துட்டுப் போனான்."

சின்னவர் அதை எடுத்து விழுங்கினார்.